சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் நீர்மட்டம் காட்டும் கருவியை வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன்: எந்த சென்சார், எப்படி வயரிங்?

கேள்வி: நெய்தல், தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடிகளும் கொண்ட பழைய வீடு. கீழே நானும் அம்மாவும் இருக்கிறோம். மேலே இரண்டு குடித்தனங்கள். வாசலை ஒட்டி வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கீழே 240 செ.மீ. நீளம், 150 செ.மீ. அகலம், 180 செ.மீ. ஆழத்தில் சம்ப் இருக்கிறது. மொட்டை மாடியில் 1000 லிட்டர் கொள்ளும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு உள்ளன. இரண்டும் அடியில் குழாயால் இணைக்கப்பட்டவை. மெட்ரோ வாட்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் வரும். வருகிற நேரத்துக்கும் வேகத்துக்கும் கணக்கு கிடையாது. தெருக்குழாயிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் தானாகவே இறங்குகிறது. அந்த இணைப்பில் மோட்டார் எதுவும் வைக்கவில்லை. சம்ப்பிலிருந்து மாடிக்கு ஏற்றுவதற்கு மட்டும் ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் இருக்கிறது.

மேல் தொட்டி நிரம்பி வழிவதும், குடித்தனக்காரர்கள் சோப்பு போட்டுக்கொண்டு நிற்கும்போது காலியாவதும் எல்லா வீட்டிலும் உள்ள தொல்லைதான். அதைவிட எனக்குப் பெரிய கவலை சம்ப்பைப் பற்றியது. தண்ணீர் வந்ததா, எவ்வளவு வந்தது என்று பார்க்க அம்மா விடியற்காலையில் இரும்பு மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்க்கிறார். முழங்கால் வலியோடு அவர் குனிந்து அந்த மூடியைத் தூக்குவதை நிறுத்த வேண்டும் என்பதே இந்த முயற்சிக்கு முதல் காரணம்.

கடையில் வாங்கிய அளவுகாட்டி ஒன்று சில மாதங்கள் வேலை செய்தது. தொட்டிக்குள் வெவ்வேறு உயரத்தில் உலோகக் கம்பிகளைத் தொங்கவிட்டு, தண்ணீர் தொடும்போது விளக்கு எரிகிற வகை அது. பிறகு கம்பிகளில் பச்சை படிந்து, ஒன்று மெலிந்து அறுந்தே விழுந்தது. இப்போது தொட்டி எந்த நிலையில் இருந்தாலும் பாதி என்றே காட்டுகிறது.

எனக்கு ஈயப்பற்று வைக்கத் தெரியும். ஈஎஸ்பி32 போர்டில் சிறு நிரல்கள் எழுதியிருக்கிறேன். கடற்கரை அருகில் என்பதால் உப்புக்காற்றை எந்த சென்சார் தாங்கும் என்பதையும், மாடியிலிருந்து தகவலைக் கீழே கொண்டுவருவது எப்படி என்பதையும் (இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாண்டி வைஃபை எட்டவில்லை), மோட்டாரையும் இதனுடன் இணைக்கலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். தொட்டியில் துளை போட்டால் கொசு புகாதபடி அடைத்தாக வேண்டும். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் எங்கள் தெருவில் மாடி வரை ஏறிப் பார்க்கிறார்கள்.


பதில்: கொளத்தூர்க்காரன்

வணக்கம் நண்பரே. முதலில் அந்தப் பச்சையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பிகளுக்கு இடையே நேர்மின்சாரம் இடைவிடாமல் பாய்ந்தால் மின்பகுப்பு நடக்கும். நேர்மின் முனையில் உள்ள கம்பியின் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். செம்போ பித்தளையோ என்றால் பச்சை படியும், பிறகு அறுந்துபோகும். தண்ணீரில் உப்பு கூடினால் கரைவதும் வேகமாகும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, அளவெடுக்கும் சில மில்லிவிநாடிகள் மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் திசையை மாற்றினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். ஆனால் நம் பக்கத்தில் தொட்டியில் விழும் தண்ணீர் என்றைக்கும் ஒரே தண்ணீர் இல்லை. புழல் ஏரித் தண்ணீர் ஒரு விதம். காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் இன்னொரு விதம். கோடையில் லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் கலந்தால் அது வேறு விதம். மின்கடத்தும் திறன் இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போது, கம்பி நனைந்ததா இல்லையா என்று முடிவு செய்யும் எல்லையை எங்கே வைப்பது என்பது ஓயாத தொல்லை. எனவே கம்பி முறையை விட்டுவிடச் சொல்வேன்.

மாடித் தொட்டிக்கு அல்ட்ராசோனிக் சென்சார் பொருந்தும். அது மேலிருந்து ஒலி அலையை அனுப்பி, தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பி வர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. போக வர ஒரு செ.மீ. தூரத்துக்குச் சுமார் 58 மைக்ரோவிநாடி ஆகும். தண்ணீரைத் தொடாததால் அரிப்பும் பாசியும் அதைப் பாதிப்பதில்லை. ஆனால் பயிற்சிப் பெட்டிகளில் வரும், இரண்டு கண்கள் போன்ற எச்.சி-எஸ்ஆர்04 சென்சாரைத் தொட்டிக்குள் வைக்க வேண்டாம். அதன் முகப்பு திறந்த வலை. உள்ளே ஆவி குளிர்ந்து சொட்டினால் சில வாரங்களில் உள்ளுறுப்புகள் கெட்டுப்போகும்.

பலரும் அடுத்து வாங்குவது ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற, கார் பின்பக்க சென்சார் போலிருக்கும் நீர்புகா வகை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சென்சாரின் முகத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. வரை அதற்குக் குருட்டுப் பகுதி. அதற்குள் தண்ணீர் வந்துவிட்டால் கிடைக்கும் எண் நம்பத்தக்கதல்ல. தொட்டி நிரம்பும் வேளையில்தான் அளவு சரியாகத் தெரிய வேண்டும், அந்த வேளையில்தான் இது தடுமாறும். சிலர் மூடிக்கு மேலே ஒரு குழாய்த்துண்டை நிறுத்தி, அதன் உச்சியில் சென்சாரை வைக்கிறார்கள். குழாய் குறுகலாக இருந்தால் ஒலி அதன் சுவரிலும் விளிம்பிலும் பட்டுத் திரும்பி வந்து பொய் அளவு தருகிறது.

ஆகவே வாங்குவதற்கு முன் இரண்டை அளந்து சொல்லுங்கள்: சென்சார் வைக்கப் போகும் இடத்திலிருந்து ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது, காலித் தொட்டிகள் நிறைய மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது. இரண்டாவது எண் இப்போதைக்குத் தேவையற்றதாகத் தோன்றலாம். பிறகு பெரிதும் பயன்படும்.


பதில்: பழைய வயர்மேன், காசிமேடு

தம்பி, மேலே சொன்னவர் படித்தவராகத் தெரிகிறது. அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் கடலோரத்தில் வயரிங் வேலை பார்த்தே வயதானவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் சென்சார் கெடுவதற்கு முன்பே இணைப்புகள் கெட்டுவிடும். போர்டில் சொருகும் பின், திருகு வைத்த கனெக்டர், பெட்டி மூடியின் ஆணி ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். மொட்டை மாடியில் வைக்கும் எதிலும் சொருகும் இணைப்பு இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஈயப்பற்று வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கிவிட வேண்டும். பெட்டியில் வயர் நுழையும் இடத்தில் கேபிள் கிளாண்ட் போடுங்கள். அந்தத் துளை பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும். வயர் பெட்டிக்குள் ஏறுவதற்கு முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். துளையை அடைக்க சிலிகான் வாங்கும்போது வினிகர் வாடை அடிக்கிற வகையை வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் அமில ஆவி செம்பைத் தின்றுவிடும். வாடை இல்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்.

சம்ப்புக்கு எதற்கு அல்ட்ராசோனிக்? உள்ளே எந்நேரமும் ஈரம், குறுக்கே மோட்டார் இழுக்கும் குழாயும் அதன் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வும், சுவரெல்லாம் எதிரொலி. நானாக இருந்தால் ஒரு பிவிசி குழாயில் நான்கு உயரத்தில் காந்த ஃப்ளோட் சுவிட்ச் கட்டி இறக்குவேன். மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் கண்ணாடிக் கூட்டில், காந்தம் நெருங்கினால் இயங்கும் ரீட் சுவிட்ச். தண்ணீர் படுகிற உலோகத்தில் மின்சாரமே இல்லை. கால், அரை, முக்கால், முழுது என்று நான்கு விளக்கு. ஒரு ஃப்ளோட் சிக்கிக்கொண்டால் பார்த்த உடனே தெரியும்: முக்கால் எரிகிறது, அரை எரியவில்லை என்றால் அரை ஃப்ளோட்டில் கோளாறு. இதற்கு நிரல் எதுவும் தேவையில்லை.

இன்னொன்று. அம்மாவுக்காகச் செய்கிறீர்கள் என்றால் கைபேசித் திரையை நம்பிச் செய்யாதீர்கள். சமையலறைச் சுவரில் விளக்கும் ஒரு பஸ்ஸரும் இருக்கட்டும். கைபேசியில் பார்ப்பது உங்களுக்கு, விளக்கு அவருக்கு.

பெட்டியை எங்கே பொருத்தினாலும் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே பொருத்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கிய வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். சம்ப் மூடிக்குப் பக்கத்திலேயே பெட்டி வைத்திருந்த வீடுகளில் பெட்டியும் முழுகியது, மோட்டார் ஸ்டார்ட்டரும் முழுகியது.


பதில்: நெய்தல், தண்டையார்பேட்டை

ஐயா இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். மூடியில் சென்சார் வைத்தால் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் 14 செ.மீ. கீழே இருக்கிறது. தொட்டியின் தோள்பகுதியில் துளை போட்டாலும் ஏறக்குறைய அதே அளவுதான். தொட்டியின் விட்டம் 110 செ.மீ. இரண்டும் காலியாக இருந்தால் நிறைய 50 நிமிடம் ஆகிறது. சம்ப்பில் ஃபுட் வால்வு அடித்தளத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

ஃப்ளோட் வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்பதோடு, இந்த நேரத்தில் தெருக்குழாயிலிருந்து வந்துகொண்டிருக்கிறதா என்பதும் தெரிந்தால் நல்லது. வருவது தெரிந்தால் அம்மா குடிநீரைக் குழாயிலேயே நேராகப் பிடித்துவிடுவார். நான்கு விளக்குகளால் அதைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.


பதில்: கொளத்தூர்க்காரன்

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் சரியான கேள்வி. நம் வீடுகளில் மாடித் தொட்டி நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சம்ப் நம் கட்டுப்பாட்டில் இல்லை. எனவே நல்ல சென்சாருக்குச் செலவழிப்பதானால் அதைச் சம்ப்பில் செலவழியுங்கள்.

உங்கள் சம்ப்பின் பரப்பு 3.6 சதுர மீட்டர், ஒரு செ.மீ. உயர்ந்தால் 36 லிட்டர் வந்திருக்கிறது என்று பொருள். மோட்டார் ஓடாத நேரத்தில் 15 நிமிடத்துக்குள் மட்டம் 3 செ.மீ. ஏறினால் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் அளவில் தெருத் தண்ணீர் இறங்குகிறது. அந்த நேரத்தில் பஸ்ஸரை ஒருமுறை ஒலிக்கவிட்டால் போதும். நான்கு ஃப்ளோட்டுகளுக்கு இடையே 40 செ.மீ. இடைவெளி இருக்கும் என்பதால் இதை அவற்றால் சொல்ல இயலாது. வயர்மேன் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சம்ப்பில் அல்ட்ராசோனிக் வேண்டாம் என்று அவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்.

சம்ப்புக்கு நான் சொல்வது தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் அழுத்த சென்சார். இரண்டு மீட்டர் ஆழத்துக்கான, 4 முதல் 20 மில்லிஆம்பியர் வெளியீடு தரும் எஃகு உருளை வகையைக் கேளுங்கள். அதன் மின்னோட்டத்தை 150 ஓம் மின்தடை வழியே விட்டால் காலிக்கு 0.6 வோல்ட்டும் இரண்டு மீட்டருக்கு 3.0 வோல்ட்டும் கிடைக்கும். அதாவது ஒரு செ.மீ.க்கு 12 மில்லிவோல்ட். ஈஎஸ்பி32 போர்டின் சொந்த அனலாக் உள்ளீடு இந்த நுணுக்கத்துக்கு ஒத்துவராது. அதன் அளவு நேர்கோடாக இருப்பதில்லை, அலைச்சலும் அதிகம். வோல்ட் அளவை நுணுக்கமாக எண்ணாக மாற்றித் தரும் ஏடிஎஸ்1115 என்ற சிறு போர்டை இடையில் வைத்துவிடுங்கள்.

இந்த சென்சாரின் கேபிளுக்குள் வயர்களோடு ஒரு மெல்லிய காற்றுக்குழாயும் வரும். பலர் அதை வேண்டாத பொருளாக எண்ணி வெட்டி, சிலிகான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். தண்ணீரின் அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிக்கத்தான் அந்தக் குழாய் இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் வளிமண்டல அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறும்போது மட்டம் ஏறக்குறைய ஒரு செ.மீ. பொய்யாக மாறும். சென்னையில் சாதாரண நாளிலேயே காலைக்கும் மாலைக்கும் இடையே இந்த அழுத்தம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும். வங்கக் கடலில் புயல் நெருங்கினால் இன்னும் அதிகமாகச் சரியும். தண்ணீரே வராமல் சம்ப் குறைந்ததாகவும் ஏறியதாகவும் கருவி சொல்லிக்கொண்டிருக்கும். குழாயின் முனையைப் பெட்டிக்குள் திறந்தே விடுங்கள். பெட்டியின் அடியில் காற்று போக ஒரு சிறு துளையும், அதன் மீது பூச்சி புகாத வலையும் இருக்கட்டும்.

மாடித் தொட்டிக்கு வருவோம். 14 செ.மீ.தான் இடைவெளி என்பதால் ஜேஎஸ்என் வகை உங்களுக்கு உதவாது. ஏ02ஒய்ஒய்யூடபிள்யூ என்று ஒன்று கிடைக்கிறது; அதன் குருட்டுப் பகுதி 3 செ.மீ. மட்டுமே. அது தூரத்தை மில்லிமீட்டரில் கணக்கிட்டு, நான்கு பைட் கொண்ட சிறு செய்தியாகத் தொடர் முறையில் அனுப்பும். நான்காவது பைட் சரிபார்ப்புக்கானது. கூட்டுத்தொகை பொருந்தாத செய்தியை நிரல் தூக்கி எறிந்துவிடலாம். இதை மூடியில் வைக்காமல் தோள்பகுதியில் வையுங்கள். மூடியில் வைத்தால் தொட்டி கழுவும்போதெல்லாம் கோணம் மாறும், வயர் இழுபடும். தண்ணீர் விழும் குழாய்க்கு எதிர்ப்பக்கமாகவும், தொட்டிச் சுவரிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளியும், முகம் நேராகக் கீழ்நோக்கும்படியும் இருக்க வேண்டும். தொட்டிகள் அடியில் இணைந்திருப்பதால் ஒன்றில் அளந்தால் போதும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த செய்தி, மாடியில் போர்டே தேவையில்லை என்பது. சென்சாரின் வெளியீட்டை நேராக ஒரு மேக்ஸ்485 சில்லுக்குக் கொடுத்து, அதை எப்போதும் அனுப்பும் நிலையில் கட்டிவிட்டால், நீண்ட வயரிலும் தகவல் கெடாமல் அனுப்பும் ஆர்எஸ்485 முறையில் இரண்டு வயர்களில் தகவல் கீழே வந்துவிடும். கீழே 3.3 வோல்ட்டில் இயங்கும் மேக்ஸ்3485 போட்டால் ஈஎஸ்பி32 போர்டுக்கு நேராகக் கொடுக்கலாம். வைஃபை, பேட்டரி, சோலார் எதுவும் மாடியில் வேண்டாம். கத்திரி வெயிலில் மொட்டை மாடிப் பெட்டிக்குள் லித்தியம் பேட்டரியை வைப்பது வெறும் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

வயருக்கு வெளிப்புறப் பயன்பாட்டுக்கான லேன் கேபிள் போதும். ஆனால் கீழிருந்து 5 வோல்ட் அனுப்பாதீர்கள். அந்த மெல்லிய வயரில் 20 மீட்டர் ஏறி இறங்கினால் மூன்று ஓமுக்கு மேல் மின்தடை. அரை ஆம்பியர் இழுக்கும் போர்டு ஒன்றை என்றாவது மாடியில் சேர்த்தால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் அனுப்பி, மாடியில் பக் கன்வெர்ட்டர் வைத்து 5 ஆக்கிக்கொள்ளுங்கள். மோட்டாரின் 230 வோல்ட் வயர் போகும் அதே குழாயில் இதை இழுக்க வேண்டாம்.

நிரலில் ஒரே ஒரு அளவை நம்பாதீர்கள். ஏழு முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு பொய் அளவு எல்லாவற்றையும் இழுத்துவிடும். நடு எண் அப்படி இழுபடாது. விடியற்காலையில் சென்சாரின் முகத்தில் நீர்த்துளி படிந்து, தொட்டி நிறைந்துவிட்டதாகப் பொய் சொல்வதுண்டு. மோட்டார் ஓடாமலேயே ஒரு நிமிடத்தில் 20 செ.மீ. ஏறியது என்றால் அது தண்ணீர் அல்ல, துளி.

வெப்பத்தால் ஒலியின் வேகம் மாறுவதைப் பற்றிக் கட்டுரைகளில் நிறைய எழுதுவார்கள். 30 டிகிரியில் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். 45 டிகிரியில் சுமார் 358. தொட்டி காலியாக இருக்கும்போது இதனால் 3 செ.மீ. வரை பிழை வரலாம். தொட்டி நிறைய நிறையத் தூரம் குறைவதால் பிழையும் குறைந்துவிடும். வீட்டுத் தொட்டிக்கு இதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.


பதில்: பெரம்பூர் லோகோ

மோட்டாரைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மட்டத்தைக் காட்டும் கருவி தவறினால் ஒரு வாளித் தண்ணீர் வீணாகும். மோட்டாரை இயக்கும் கருவி தவறினால் மோட்டார் கருகும், சில வேளைகளில் உயிரும் போகும். ஆகவே முதலில் காட்டும் கருவியை மட்டும் செய்து முடித்து, ஒரு மழைக்காலம் முழுவதும் அது காட்டும் எண்களை நேரில் பார்த்ததோடு ஒப்பிட்டு, நம்பிக்கை வந்த பிறகே மோட்டாரைத் தொடுங்கள்.

இணைப்பதாக இருந்தால், போர்டுகளோடு வரும் சிறிய நீல நிற ரிலேவில் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டாரை நேராகக் கொடுக்க வேண்டாம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியருக்குள் எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு எடுக்கும். ரிலேவின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். நிரல் நிறுத்து என்று சொன்னாலும் மோட்டார் நிற்காது. சிறிய ரிலே ஒரு காண்டாக்டரை (அதிக மின்னோட்டம் தாங்கும் பெரிய மின்காந்தச் சுவிட்ச்) இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். மின்சாரம் போனாலோ போர்டு உறைந்தாலோ மோட்டார் தானாக நிற்கும்படி இணைப்பு இருக்க வேண்டும்.

நிறைய வேண்டிய நேரத்தைக் கொளத்தூர் நண்பர் ஏன் கேட்டார் என்பது இங்கே விளங்கும். 2000 லிட்டருக்கு 50 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர். இரண்டு தொட்டிகளும் சேர்ந்து ஒரு செ.மீ.க்குச் சுமார் 19 லிட்டர் பிடிக்கும். எனவே மோட்டார் ஓடினால் மட்டம் நிமிடத்துக்கு 2 செ.மீ. ஏற வேண்டும். ஐந்து நிமிடம் ஓடியும் 4 செ.மீ.கூட ஏறவில்லை என்றால் காற்று பிடித்திருக்கிறது, அல்லது ஃபுட் வால்வு கசிந்து குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிட்டது, அல்லது குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. குடித்தனக்காரர்கள் அந்த நேரத்தில் தண்ணீர் பயன்படுத்துவதற்கும் இந்த 4 செ.மீ. இடம் கொடுக்கும். உடனே நிறுத்தி, பஸ்ஸரை ஒலிக்கவிடுங்கள். தானாக மறுபடியும் கிளம்பக்கூடாது. இந்த ஒரு விதியே மோட்டாரைக் காப்பாற்றிவிடும். இதோடு சம்ப் 30 செ.மீ.க்குக் கீழே போனால் நிறுத்துவதும், எக்காரணத்தாலும் 70 நிமிடத்துக்கு மேல் ஓடாமல் தடுப்பதும் இருக்கட்டும்.

மேல் தொட்டி நிறைந்ததும் நிறுத்தும் கடைசிக் காவலாக ஒரு ஃப்ளோட் சுவிட்சைக் காண்டாக்டரின் காயிலோடு (அதை இயக்கும் கம்பிச்சுருள்) தொடராக இணையுங்கள். நிரல் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஃப்ளோட் தூக்கினால் மோட்டார் நிற்கும். ஆனால் அந்த ஃப்ளோட்டுக்கு 230 வோல்ட் கொடுக்காதீர்கள். வெயிலில் கேபிளின் மேலுறை வெடித்தால் மூன்று வீடுகள் குளிக்கும் தண்ணீரில் மின்சாரம் இறங்கிவிடும். 24 வோல்ட் காயில் உள்ள காண்டாக்டர் கிடைக்கிறது; அதை வாங்குங்கள். மோட்டார் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் மற்ற எதற்கும் முன்பு அதைப் பொருத்துங்கள். இந்தப் பகுதியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள்.

தெருக்குழாய் இணைப்பில் மோட்டார் இல்லை என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், நல்லது. இதைப் படிக்கும் வேறு யாராவது, சம்ப்பில் மட்டம் ஏறும் வேகம் குறைந்தால் தெருக்குழாயில் ஒரு மோட்டாரைக் கிளப்பலாமே என்று நிரல் எழுதக் கிளம்ப வேண்டாம். அது சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுக்கு வரும் தண்ணீரையும் அது இழுத்துவிடும்.


பதில்: பழைய வயர்மேன், காசிமேடு

230 வோல்ட் ஃப்ளோட் எத்தனையோ வீடுகளில் நானே போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை என்று சொல்ல வந்தேன். கேபிள் உறை வெடிக்கும் என்று அவர் சொன்னதும் உண்மைதான். வெயிலில் கிடந்த கறுப்பு கேபிளை வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குவதைப் பார்த்திருக்கிறேன். 24 வோல்ட்டே போடுங்கள். போர்டு பழுதாகும் நாளில் அம்மா மோட்டாரைக் கையால் போடுவதற்கு ஒரு மாற்றுச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அந்த வழியிலும் ஃப்ளோட் தொடராகவே இருக்கட்டும்.


பதில்: நெய்தல், தண்டையார்பேட்டை

மிக்க நன்றி. முதலில் சம்ப்பின் அழுத்த சென்சாரையும் சமையலறை விளக்குகளையும் செய்துவிட்டு, அடுத்து மாடிக்குப் போகிறேன். மோட்டாரைப் பிறகு பார்க்கலாம். ஒரு சந்தேகம் மட்டும்: சம்ப் சென்சாரை அடித்தளத்தில் படுக்க வைப்பதா, தொங்கவிடுவதா? எங்கள் சம்ப்பில் வண்டல் கொஞ்சம் உண்டு.


பதில்: கொளத்தூர்க்காரன்

தொங்கவிடுங்கள். வண்டலில் புதைந்தால் சென்சாரின் முகத்துளை அடைபட்டு அளவு மந்தமாகும். அடித்தளத்திலிருந்து ஒரு கைப்பிடி உயரத்தில், ஃபுட் வால்வுக்கு எதிர்மூலையில், தெருத் தண்ணீர் விழும் இடத்துக்கு நேர்கீழே இல்லாதபடி நிறுத்துங்கள். துளைகள் போட்ட ஒன்றரை அங்குல பிவிசி குழாயைச் சுவரோடு கிளாம்ப் போட்டு நிறுத்தி, அதற்குள் சென்சாரை இறக்கினால் அலையாது; சம்ப் கழுவ ஆள் இறங்கும்போது மேலிருந்தே உருவி எடுத்துவிடலாம். சென்சார் அடித்தளத்திலிருந்து எத்தனை செ.மீ. உயரத்தில் தொங்குகிறதோ அந்த எண்ணை நிரலில் கூட்டிக்கொள்ள வேண்டும். அதைப் பெட்டி மூடியின் உட்புறத்திலும் எழுதி வையுங்கள். கழுவிய பிறகு சென்சாரை அதே உயரத்தில் மறுபடி தொங்கவிட அது வேண்டியிருக்கும்.